வாடகை வீட்டு முதலீடும் ஊர்த் தேர்வும்

வீடு என்னும் ஒரே சொல்லால் இல்லத்தையும் முத்தியையும் ஒருங்கே வழங்கும் மொழியினர் நாம். ஆதலின், சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளை ஒரு வீட்டில் இட்டாலன்றி நம்மவர் மனம் அமைதியுறுவதில்லை. ஓய்வுபெறும் ஆசிரியர் தமது பணிக்கொடையையும், தனியார் நிறுவன ஊழியர் தமது சேமலாப நிதியையும், கடல்கடந்து வாழும் பழைய மாணவர் தமது இருபதாண்டு உழைப்பின் மிச்சத்தையும் காணியாகவும் கட்டடமாகவும் மாற்றிவைத்தலே முறையெனக் கருதுகின்றனர். ஆயின், தாம் குடியிருத்தற்பொருட்டு வீடு வாங்குதல் வேறு. பிறரைக் குடியிருத்தி அவர் தரும் வாடகையால் பயன்பெறுதற்பொருட்டு வாங்குதல் வேறு. பின்னையது வாணிகத்தின்பாற் படும். வாணிகமெனின், சரக்கை ஆராயுமுன் சந்தையை ஆராய்தல் வேண்டும்.

இப்பொருள் குறித்து என்னிடம் உசாவும் நண்பர்கள் ‘இந்த வீட்டை வாங்கலாமா’ எனக் கேட்கின்றனரேயன்றி, ‘இந்த ஊரில் வாங்கலாமா’ எனக் கேட்டாரை யான் கண்டது அரிது. அறையின் அளவையும், கிணற்றின் ஆழத்தையும், நிலைக்கதவின் மரத்தையும் நுணுகி நோக்குவர். வீடு நிற்கும் ஊரில் வாடகைக்கு வருவார் யாவர், அவர்தம் மாத வருவாய் எத்துணை, இன்னும் பத்தாண்டு கழிந்தும் அத்தகையார் அங்கு வருவரோ என்பவற்றை நோக்குவதில்லை. பழுதான கூரையைப் பிரித்து மேயலாம். பிழையாகத் தேர்ந்த ஊரை அங்ஙனஞ் செய்யவியலாது. பொருளியலை ஒரு பாடமாகக் கற்று வெளிவாரி மாணவனாகப் பட்டம் பெற்றவன் என்பதனால் மட்டுமன்றி, என் குடும்பத்தில் நேர்ந்த ஓர் இழப்பை அருகிருந்து கண்டவன் என்பதனாலும் இதனை எழுதத் துணிந்தேன்.

முதற்கண் ஓர் அடிப்படை உண்மையைத் தெளிதல் நன்று. 1817ஆம் ஆண்டில் வெளியான தமது பொருளியல் நூலில் டேவிட் றிக்காடோ நிலவாடகை பற்றி நிறுவிய கொள்கையை உயர்தர வகுப்பு மாணவர் அறிவர். வாடகை மிகுவதால் தானியத்தின் விலை மிகுவதில்லை, தானியத்தின் விலை மிகுவதாலேயே வாடகை மிகுகின்றது என்பது அதன் சாரம். கழனிக்குக் கூறிய இக்கொள்கையை வீட்டுக்கும் ஏற்றிப் பார்க்கலாம். வீட்டுச் சொந்தக்காரர் கோடி ரூபா கொடுத்து வாங்கினார் என்பதற்காகக் குடியிருப்பவர் மிகுதியாக ஒரு சதமேனுந் தாரார். அவர் தருவது தம் சம்பளத்திற் பிள்ளைகளின் படிப்பும் உணவும் போக்குவரத்தும் போக எஞ்சுவதன் ஒரு பங்கேயாம். எனவே, வீட்டின் விலையைத் தீர்மானிப்பார் ஒரு சாரார். வாடகையைத் தீர்மானிப்பார் பிறிதொரு சாரார். இவ்விரு சாராரின் பணப்பைகளும் ஒன்றற்கொன்று அணித்தாயுள்ள ஊரில் வாடகை முதலீடு தழைக்கும். அவை தொலைவாய் விலகிய ஊரில் வீடு அழகுற நிற்கும், வருவாய் மெலிந்திருக்கும்.

இவ்வுண்மைக்கு நம் யாழ்ப்பாணத்தினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை. நல்லூரிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் ஒரு பரப்புக் காணியின் விலையைத் தீர்மானிப்பவர் யாவர்? அங்கு வாழும் எழுதுவினைஞரோ ஆசிரியரோ அல்லர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் சம்பாதித்துப் பிறந்த மண்ணில் ஒரு துண்டு நிலம் வேண்டுமென ஏங்குவோரும், மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தற்கு நகரத்து வீடு தேடுவோருமே அவ்விலையை ஏற்றுகின்றனர். இவ்விரு திறத்தாரும் வாடகையைக் கணக்கிட்டு வாங்குபவரல்லர். ஒருவர் வாங்குவது நினைவை. மற்றவர் வாங்குவது மருமகனை. வாடகையோ உள்ளூர்ச் சம்பளத்தால் நிறுக்கப்படுகின்றது. போதாக்குறைக்கு, புலம்பெயர்ந்தோர் விட்டுச்சென்ற வீடுகள் பல, பார்த்துக்கொள்ள ஆளிருந்தாற் போதுமெனக் குறைந்த வாடகைக்கோ வாடகையின்றியோ உறவினர்க்கும் அறிந்தவர்க்கும் விடப்பட்டுள்ளன. இலாபம் நோக்காத இவ்வீடுகளோடு இலாபம் நோக்கி வாங்கியவர் போட்டியிடல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கினைப் பார்ப்போம். காணியும் கட்டடமுமாக ஒரு வீட்டின் விலை 3 கோடி ரூபா எனவும், மாத வாடகை 60,000 ரூபா எனவும் கொள்வோம். ஆண்டுக்கு 7,20,000 ரூபா. அஃதாவது நூற்றுக்கு 2.4. இத்தொகையோடு நிறுத்திக்கொள்வோரே பலர். ஆண்டில் ஒரு மாதம் வீடு வெறுமையாயிருப்பின் 60,000 குறையும். வெள்ளையடித்தல், ஓடு மாற்றல், நீரிறைக்கும் இயந்திரம் பழுதுபார்த்தல் என்பவற்றுக்கு 1,20,000 ஒதுக்கல் வேண்டும். சோலைவரி முதலிய சில்லறைச் செலவுகளுக்கு 20,000 கழிப்போம். எஞ்சுவது 5,20,000, நூற்றுக்கு 1.7 அளவேயாம். இதன்மேல் வருமான வரி வேறு. வாங்கும் பொழுதே செலுத்தவேண்டிய முத்திரைத் தீர்வையையும் மறத்தலாகாது. முதல் ஓர் இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, எஞ்சியதற்கு நூற்றுக்கு 4 என்னும் வீதத்தில் 3 கோடிக்கு அது 11,99,000 ரூபாவாகும். முதலாண்டு வாடகை முழுவதையும் இரண்டாமாண்டு வாடகையில் மூன்றிலிரு பங்கையும் அத்தீர்வையொன்றே விழுங்கிவிடும். நொத்தாரிசின் கட்டணம் இதனிற் சேரவில்லை.

‘காணியின் விலை ஏறுமே’ என மறுப்பாருளர். உண்மை, ஏறலாம். ஆயின் விலையேற்றம் விற்றாலன்றிக் கைக்கு வாராது. மாதந்தோறும் மருந்துக்கும் மின்சாரத்துக்கும் பணம் வேண்டும் முதியவர், மதிலின் ஒரு முழத்தை அறுத்து விற்றுச் செலவு செய்யவியலாது. விலையேற்றத்தை நாடுவார்க்குரிய ஊரும் மாத வருவாயை நாடுவார்க்குரிய ஊரும் வெவ்வேறாக இருத்தல் கூடும் என்பதை முதலீடு செய்வார் தொடக்கத்திலேயே தெளிதல் வேண்டும். தாம் இவ்விரண்டனுள் எதனை வேண்டுகின்றார் என்பதைத் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளாதவரே பெரிதும் இடர்ப்படுகின்றனர்.

வங்கி வைப்போடு ஒப்பிடுதலும் கருத்தோடு செய்யற்பாலது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, ஏப்பிரல் மாதத்தில் மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை ஒரே நாளில் நூற்றுக்கு 7 என்னும் அளவு உயர்த்தியது. பின்னர் நிலையான வைப்புக்கு நூற்றுக்கு 20க்கு மேலும் வட்டி கிடைத்தது. வாடகை வீட்டை வைத்திருந்தார் பலர் தம் அறியாமையை நொந்துகொண்டனர். ஆனால் அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டிய பணவீக்கம் நூற்றுக்கு 70ஐ அணுகியிருந்தது. வைப்பின் முதல் கண்முன்னே கரைந்தது. வீட்டின் செங்கல் கரையவில்லை. எனினும் 2021இல் இரண்டாண்டுக்கு ஒரே வாடகையென உடன்படிக்கை எழுதியோர் அந்நன்மையையும் முழுதும் பெற்றிலர். நெருக்கடி தணிந்தபின் வட்டியும் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. ஆகவே, ஓராண்டின் வட்டியை வைத்து வீட்டை இகழ்தலும், ஓராண்டின் விலைவாசியை வைத்து வீட்டைப் புகழ்தலும் இரண்டுந் தவறே.

இனி, வாடகைக்கு வருவார் நிலைத்திருப்பரோ என்னும் வினாவை நோக்குவாம். என் தாய்மாமன் ஓர் அரசாங்க எழுதுவினைஞர். 2009ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றார். வன்னிப் போரின் இறுதியில் இடம்பெயர்ந்தோர் ஏறத்தாழ மூன்று இலட்சம்பேர் வவுனியா மாவட்டத்து முகாம்களில் வைக்கப்பட்டிருந்த காலம் அது. செட்டிகுளத்தை அடுத்த மெனிக்பாம் முகாமே அவற்றுட் பெரிது. உதவி நிறுவனங்கள் பல வவுனியா நகரில் அலுவலகமும் ஊழியர் விடுதியும் தேடி அலைந்தன. கேட்ட வாடகை கிடைத்தது. ஓராண்டு முற்பணமும் கிடைத்தது. மாமனார் குருமன்காட்டில் இருந்த தம் காணியிற் பணிக்கொடையையும் வங்கிக் கடனையும் இட்டு மாடிவீடு ஒன்று எழுப்பினார். வேண்டாமென யான் கூறியதாக ஈண்டு எழுதின் அது பொய்யாகும். வாடகையின் தொகையைக் கேட்டு யானும் மகிழ்ந்தேன். கடன் விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்ததும் யானே.

வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அவ்வீட்டை எடுத்தது. அவர் வேண்டியபடி அறைதோறும் குளியலறை அமைந்தது; மின்பிறப்பாக்கிக்குக் கொட்டகை எழுந்தது; முற்றம் முழுவதும் வாகனம் நிறுத்தச் சீமெந்து இடப்பட்டது. சமையலறை மட்டும் சிறிதாயிருந்தது. அலுவலகத்துக்குப் பெரிய சமையலறை எதற்கு? மீள்குடியேற்றம் நடந்தேற, 2012 செப்டெம்பரில் மெனிக்பாம் மூடப்பட்டது. அந்நிறுவனமும் முறைப்படி அறிவித்தல் கொடுத்து, திறப்பைத் திருப்பிக் கொடுத்துச் சென்றது. அவர்மேற் குறைகூற ஏதுமில்லை. அதே ஆண்டில் அதே தெருவில் வேறு நாலைந்து வீடுகளும் வெறுமையாயின. மாமனார் வீடு பதினான்கு மாதம் பூட்டிக் கிடந்தது. பின்னர் வந்து பார்த்த குடும்பங்கள், சமையலறையில் இருவர் நிற்க இடமில்லை எனவும், ஐந்து குளியலறையைக் கழுவுவார் யார் எனவும் கூறிச் சென்றன. இறுதியிற் கிடைத்த வாடகை முந்தியதன் மூன்றிலொரு பங்கினுங் குறைவு. வங்கித் தவணையோ குறையவில்லை. மாமியின் தாலிக்கொடி தவிர்ந்த நகையெல்லாம் அடகிற் சென்றதை யான் அறிவேன்.

இதன்கண் நிகழ்ந்த பிழை யாது? வவுனியா தாழ்ந்த ஊரன்று. வடக்கையும் தெற்கையும் இணைக்கும் சந்தி; வணிகமும் வேளாண்மையும் உள்ள நகர். பிழை, ஒரு காரணத்தால் வந்த கேள்வியை ஊரின் இயல்பான கேள்வியெனக் கொண்டதேயாம். வெள்ளம் வந்த நாளில் குளத்தின் அளவை எடுத்தவர் செயலை அஃது ஒத்தது.

ஒரே காரணத்தைச் சார்ந்து நிற்றலால் வருங் கேடு சிறு நகர்க்கே உரியதன்று. அமெரிக்க நாட்டின் டெற்றொயிற் நகரம் மோட்டார் வாகனத் தொழிலால் வளர்ந்தது. 1950ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அந்நகர மக்கள் ஏறத்தாழ 18,50,000. 2020இல் 6,39,000 அளவினர். தொழிற்சாலைகள் புறநகர்க்கும் பிற மாநிலங்களுக்கும் பெயர்ந்தன, மக்களும் பெயர்ந்தனர், வீடுகள் மட்டும் பெயரவில்லை. 2013ஆம் ஆண்டில் அந்நகராட்சி கடனிறுக்க வகையின்றி நீதிமன்றத்தை நாடியது. அக்காலத்தை அடுத்து, சில ஆயிரம் டொலருக்கு வீடு கிடைக்கின்றதெனக் கேட்டுப் பிறநாட்டார் பலர் நேரிற் பாராமலே வாங்கினர். வாங்கியபின்னரே, செலுத்தாத வரி வீட்டின் விலையினும் மிகுந்திருத்தலையும், வாடகைக்கு வருவாரின்மையையும் கண்டனர். விலை மலிவு என்பது சில வேளைகளில் அவ்வூர் மக்கள் அனைவரும் சேர்ந்து கூறும் தீர்ப்பாயிருத்தல் கூடும்.

அங்ஙனமாயின் நிலைபேறுள்ள கேள்வி எவ்விடத்தது? பல்கலைக்கழகம், போதனா வைத்தியசாலை, பெரும் பாடசாலை, நீதிமன்று, மாவட்டச் செயலகம் என்பன எளிதிற் பெயர்வன அல்ல. இவற்றுள் ஒன்றன்றிப் பல, ஒரு நடைத்தொலைவில் அமைந்த இடமே சிறந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, கொக்குவிற் பகுதிகளில் வாடகை அறைகள் பெருகியமைக்குக் காரணம் 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகிய நிறுவனமேயாம். தென்மாகாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் வரும் மாணவர் விடுதியில் இடம் பெறாதவிடத்து அறை தேடுகின்றனர். ஆசிரியரும் வைத்திய மாணவரும் வங்கி அலுவலரும் அதே தெருக்களிலே தேடுகின்றனர். ஒரு திறத்தார் குறைந்தால் மற்றொரு திறத்தார் வருவர்.

ஆயினும் மாணவரை நம்பி வீட்டை அறையறையாகப் பிரிப்போர் சிலவற்றை எண்ணல் வேண்டும். ஆறு அறையில் இருவர் இருவராகப் பன்னிருவர், தலைக்கு மாதம் 8,000 ரூபா எனக் கொண்டால் 96,000 வரும். ஒரு குடும்பம் தரும் வாடகையினும் இது மிகுதியே. ஆனால் ஆண்டிற் பன்னிரண்டு மாதமும் அது வாராது. விடுமுறையும், வேலைநிறுத்தமும், பரீட்சை பிற்போதலும் உண்டு. 2020 மார்ச்சில் தொற்றுநோயால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது அறைகள் மாதக்கணக்கில் வெறுமையாயின. மின்கட்டணம், தண்ணீர்த்தொட்டி, மலசலகூடக் குழி ஆகிய மூன்றும் குடும்பவீட்டினும் விரைவாகச் சொந்தக்காரரைத் தேடிவரும். அருகிலிருந்து பார்ப்பாரின்றேல் இத்தொழிலைத் தொடங்காமையே நன்று. ரொறன்ரோவிலிருந்து தண்ணீர்க்குழாய் திருத்த இயலாது.

பிறிதொன்றும் கூறுவேன், கேட்பார்க்கு வியப்பாயிருக்கும். நல்ல பாதை போடப்பட்டால் வாடகை மிகும் என்பது பொதுவான எண்ணம். காணியின் விலை மிகுதல் உண்மையே. வாடகை எப்பொழுதும் மிகுவதில்லை. கிளிநொச்சிக்கு இடமாற்றம் பெற்ற யாழ்ப்பாணத்து ஆசிரியர் முன்னாளில் அங்கு அறையெடுத்துத் தங்குவர். போருக்குப்பின் ஏ9 நெடுஞ்சாலை செப்பனிடப்பட்டது. 2014 ஒற்றோபரிற் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. அதன்பின் அவ்வாசிரியருட் பெரும்பாலார் விடியற்காலையிற் சென்று மாலையில் மீள்கின்றனர். இதனை வாசிக்கும் ஆசிரியர் பலர்க்கு அப்பேருந்தின் நெரிசல் நினைவுக்கு வரும். அவர் மீதப்படுத்திய வாடகை கிளிநொச்சியில் யாரோ ஒருவர் இழந்த வாடகையாகும். மாறாக, அறிவியல் நகரில் அமைந்த பொறியியல், விவசாய பீடங்களுக்கு வரும் பிறமாவட்ட மாணவர் நாள்தோறும் வீடு திரும்ப இயலாதாகையால் அவரது கேள்வி அங்கு நிலைத்துள்ளது. வருவார் எங்கிருந்து வருகின்றார், மாலையில் மீள அவரால் இயலுமா என்பது, எத்தனை பேர் வருகின்றார் என்பதினுஞ் சிறந்த வினா.

தண்ணீரைப் பற்றியுஞ் சொல்லாது விடலாகாது. குடாநாட்டில் வற்றாத ஆறில்லை; கிணறே கதி. கடலோரத்தை அடுத்த நகர்ப்பகுதிக் கிணறுகள் பல உவர்நீர் உடையன. சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்தமை பற்றி எழுந்த வழக்கும் விவாதமும் யாவரும் அறிந்தன. வெளிமாவட்டத்திலிருந்து வரும் வைத்தியர் முதலில் திறந்து பார்ப்பது குழாயையே. வாங்க விரும்புவோர் ஆவணி வரட்சியில் ஒருமுறையும், கார்த்திகை மழையில் ஒருமுறையும் அவ்வூருக்குச் செல்லல் நன்று. முன்னையதிற் கிணறும் பின்னையதில் தெருவும் தம் இயல்பைக் காட்டும். கொழும்பை நாடுவோர்க்கும் இவ்விதி பொருந்தும். 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவைப் பகுதியில் நிலக்கீழ் வாடகைக்கு இருந்தார் பட்டபாடு இன்னும் பலர் நினைவிலுளது.

கொழும்பென்றதும் நம்மவர்க்கு வெள்ளவத்தையே முன்னிற்கும். அது தற்செயலன்று. ஆங்கிலேயர் காலந்தொட்டு யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் அங்கும் பம்பலப்பிட்டியிலும் ‘சமறி’ அமைத்து, ஒரு வீட்டை ஆறேழு பேர் கூடி வாடகைக்கெடுத்து, ஒரு சமையற்காரரை வைத்து வாழ்ந்தனர். பின்னாளிற் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தோரும், வெளிநாடு செல்லக் காத்திருந்தோரும் அங்குக் குவிந்தனர். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிற் பழைய தனிவீடுகள் மறைந்து அடுக்குமாடிகள் எழுந்தன. கேள்வி ஒரு நூற்றாண்டாக உருமாறியும் அறுபடாது தொடர்ந்தமை அவ்விடத்தின் சிறப்பு. அங்கும் புலம்பெயர்ந்தோர் பணம் விலையை ஏற்றியுள்ளது எனினும், வாடகை தருவார் யாழ்ப்பாணத்தாரினும் மிகுந்த சம்பளம் பெறுவோர். ஆகவே இரு பணப்பைகளின் இடைவெளி அங்குச் சற்றுக் குறைவு. 4 கோடி ரூபா மனை 1,50,000 ரூபா மாத வாடகை தருமெனின் மொத்தம் நூற்றுக்கு 4.5. பராமரிப்புக் கட்டணம் மாதம் 20,000, ஒரு மாத வெறுமை, ஆண்டுத் திருத்தம் ஓர் இலட்சம் என்பவற்றைக் கழிக்க, நூற்றுக்கு 3.3 அளவு எஞ்சும். இவை விளக்கத்துக்கு யான் எடுத்த தொகைகளே. வாசகர் தாம் காணும் உண்மைத் தொகைகளை இட்டுக் கணக்கிடுக.

அடுக்குமாடி வாங்குவார் நிலத்தை வாங்குவதில்லை. கூட்டாதனத்தில் ஒரு பங்கை வாங்குகின்றார். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அதற்கு அடிகோலியது. கட்டடம் அச்சட்டப்படி பதிவுபெற்றதா, உயர்த்தி இயந்திரத்தைப் புதுப்பிக்க நிதி உண்டா, முகாமைக் குழு இயங்குகின்றதா என்பவற்றை வாங்குமுன் உசாவுக. கடற்காற்று இரும்பை அரிக்கும் வேகம் விற்பனைத் தாளில் அச்சிடப்படுவதில்லை.

ஊர்த் தேர்வில் சட்டமும் ஓர் உறுப்பு. நம் நாட்டில் வாடகைக் கட்டுப்பாடு இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் தொடங்கிற்று. 1948ஆம் ஆண்டுச் சட்டமும், 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் அதனை விரித்தன. 1973இல் வந்த வீட்டாதன உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பம் உடைமையாக வைத்திருக்கத்தக்க வீடுகளின் தொகையையே வரையறுத்தது. மிகுதியாயிருந்தவை குடியிருந்தார்க்குச் செல்ல வழிசெய்தது. குடியிருந்த ஏழைக்கு அவை அரணாயின என்பதை மறுத்தல் நேர்மையாகாது. அதே வேளையில், வாடகைக்கென வீடு கட்டுவார் அருகினர். பழைய வீடுகளின் வாடகை அவற்றின் சுவருக்கு வெள்ளையடிக்கவும் போதாதாயிற்று. 1980இலும் 2002இலும் வந்த திருத்தங்கள் இக்கட்டுப்பாட்டைப் பெரிதும் தளர்த்தின. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், எழுத்தில் அமைந்த குத்தகையின் காலம் முடிந்தபின் வீட்டை விரைவாக மீளப்பெற ஒரு நடைமுறையை வகுத்தது. வாய்மொழியாக வீட்டை விடும் நம்மூர் வழக்கம் அதன் பயனைப் பெறாது. அறிந்தவர்க்கு எழுத்து எதற்கு என்பார், அறிந்தவரோடு வழக்காடுதலே மிகக் கொடிது என்பதை நீதிமன்றிற் கற்கின்றார்.

வடபாற் காணிகளுக்குத் தேசவழமையும் உண்டு. கூட்டுப் பங்காளர்க்கும், உடையவர் இறப்பின் உரித்தாளராவார்க்கும் 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் முற்கொள்வனவு உரிமை அளித்துள்ளது. அவர்க்கு முறைப்படி அறிவியாது வாங்கின், வாங்கியவர் வழக்கினை எதிர்நோக்கல் வேண்டும். பெண்ணின் சீதனக் காணியாயின் கணவரின் எழுத்துமூல இணக்கமும் வேண்டும். உடன்பிறந்தார் ஐவரும் ஐந்து நாடுகளில் வாழும் இந்நாளில் இவ்விதிகள் ஏட்டுச் சுரைக்காயல்ல. உறுதி, தோம்பு, பதிவேடு மூன்றையும் நல்ல நொத்தாரிசிடம் காட்டுதற்கு ஆகுஞ் செலவு வீணாகாது. பத்தாண்டுத் தடையற்ற ஆட்சியால் உரிமை கோரும் விதியும் ஈண்டு நினைக்கத்தக்கது. போரினால் தம் உரிமையை நாட இயலாதிருந்தார்க்கு 2016ஆம் ஆண்டின் சிறப்புச் சட்டம், 1983 மே முதல் 2009 மே வரையுள்ள காலத்தைக் கணக்கில் எடாது விலக்கு அளித்தது. அதற்குப் பிற்பட்ட காலத்தை உடையவரே விழித்திருந்து காத்தல் வேண்டும். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர், வாடகை எத்துணைச் சிறிதாயினும் அதனைப் பற்றுச்சீட்டோடு பெறுதல் இக்காரணத்தால் இன்றியமையாதது.

புள்ளிவிவரம் அரிதாகிய நம் நாட்டில் ஊரை அறிதற்கு எளிய வழி ஒன்றுண்டு. அது நடையேயாம். மாலை ஏழு மணிக்கு அத்தெருவில் நடந்து, விளக்கெரியாத வீடுகளை எண்ணுக. ‘வாடகைக்கு விடப்படும்’ என்னும் பலகைகளைக் குறித்துவைத்து, இரண்டு மாதங்கழித்துச் சென்று அவற்றுள் எத்தனை அகற்றப்பட்டன எனப் பார்க்க. பலகை பழுத்துத் தொங்கும் தெருவைவிட்டு விலகுக. மூலைக் கடைக்காரரும் முச்சக்கரவண்டி ஓட்டுநரும் தரகரினும் உண்மை உரைப்பர். அவர்க்கு அதிற் கூலியில்லை. பெயர்பெற்ற பாடசாலைக்கு அணித்தாயுள்ள வீடுகள் முதலாந்தர அனுமதியை நோக்கி வாடகைக்கு எடுக்கப்படுதலை நம் ஆசிரியர் நன்கறிவர். வதிவிடச் சான்றைப் பரிசோதிக்கும் நேர்முகத்தில் அமர்ந்தவர்க்கு விளக்கம் வேண்டியதில்லை. அக்கேள்வி வலியதே, ஆயின் சுற்றறிக்கை மாறினால் அதுவும் மாறும்.

எந்த ஊராயினும், அங்குப் பெரும்பான்மையாக வாடகைக்கு வருவார்க்கு ஏற்ற உருவில் வீடு இருத்தல் வேண்டும். அவ்வாண்டில் மிகுந்த வாடகை தருபவர்க்கென அமைத்தலாகாது. மாமனார் வீட்டில் 2018இல் இரு குளியலறைகளை இடித்துச் சமையலறையைப் பெருப்பித்தனர். மாடிக்கு வெளிப்படி அமைத்து இரு வீடாகப் பிரித்தனர். கீழே ஒரு வங்கி அலுவலர் குடும்பமும், மேலே ஓர் ஆசிரியத் தம்பதியரும் வந்தனர். 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பம்பைமடு சற்றுத் தொலைவாயினும் விரிவுரையாளர் சிலர் நகரில் வீடு தேடுகின்றனர். மின்பிறப்பாக்கி இருந்த கொட்டகையில் இப்பொழுது மேல்வீட்டாரின் மோட்டார்ச் சைக்கிள் நிற்கின்றது. வங்கிக் கடனின் இறுதித் தவணை சென்ற ஆண்டு பங்குனியிற் கட்டப்பட்டது. அடகிலிருந்த நகைகளுள் மீண்டது ஒரு சோடி காப்பு.